சட்டைக்குள் மின்நிலையம் இல்லை

உடல் அசைவிலிருந்து மின்சாரம் எடுக்கும் துணிகள் இரண்டு பழைய விளைவுகளை நம்பி இயங்குகின்றன. முதலாவது அழுத்தமின் விளைவு. சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகிறது என்பதை ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர். பி.வி.டி.எஃப். என்ற நெகிழ்வான பிளாஸ்டிக்கிலும் இதே பண்பு உண்டு என்பதை 1969-இல் ஜப்பானிய ஆய்வாளர் கவாய் காட்டிய பிறகு, அதை நூலாக இழுத்து நெய்யும் வழி திறந்தது. இரண்டாவது உராய்வு மின்னேற்றம். இருவேறு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்று மின்னணுக்களை இழக்கிறது, மற்றொன்று பெறுகிறது. ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் சோங் லின் வாங் குழுவினர் 2006-இல் துத்தநாக ஆக்சைடு நுண்கம்பிகளை வளைத்து மின்சாரம் எடுத்தார்கள். 2008-இல் அந்தக் கம்பிகளைக் கெவ்லார் இழைகளின் மேல் வளர்த்துக் காட்டினார்கள். 2012-இல் பாலியெஸ்டர் தாளையும் காப்டன் தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முதல் உராய்வு மின்னாக்கியைச் செய்தார்கள். அதில் கிடைத்த மின்னழுத்தம் 3.3 வோல்ட். துணி மின்னாக்கிகளில் பெரும்பகுதி இந்த வழியில் பிறந்தவை.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த அறிவியல் உண்மையானது, அழகானதும்கூட. அதன் மேல் கட்டப்பட்ட நம்பிக்கைதான் பொய்யானது. நடந்தாலே கைபேசி சார்ஜ் ஆகும், ஆலைத் தொழிலாளியின் சீருடையே சிறு மின்நிலையமாகும், நிலக்கரியின் தேவை குறையும் என்று செய்தித்தாள்களின் அறிவியல் பக்கங்களும் பொறியியல் கல்லூரிக் கண்காட்சிகளும் ஆண்டுதோறும் சொல்லிவருகின்றன. இந்தக் கூற்றைச் சோதிக்க வள்ளூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். மீஞ்சூரை ஒட்டிய இந்த ஊரில் தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் சரிபாதிப் பங்குடன் நடத்தும் அனல்மின் நிலையம் இருக்கிறது. 500 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள், மொத்தம் 1,500 மெகாவாட். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருட்டாலைகளிலும் உருக்கு உலைகளிலும் ஆயிரக்கணக்கானோர் நாள் முழுவதும் உடலை அசைத்து உழைக்கிறார்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது, உழைப்பு எவ்வளவு தரும் என்ற இரண்டு கேள்விகளும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

முதலில், அதிகம் மேற்கோள் காட்டப்படும் சாதனை ஒன்று. 2016-இல் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தினரும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து சூரிய ஒளியிலிருந்தும் அசைவிலிருந்தும் ஒருசேர மின்சாரம் எடுக்கும் துணி ஒன்றை நெய்தனர். 4 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். வெயிலிலும் அசைவிலும் ஒரு நிமிடம் இருந்தால் அது 2 மில்லிஃபாரட் மின்தேக்கி ஒன்றை 2 வோல்ட் வரை ஏற்றிவிடும் என்பதே செய்தி. கைபேசிக்கு இனிச் சட்டையே போதும் என்று பலர் எழுதினார்கள். பள்ளி இயற்பியல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், அந்த மின்தேக்கியில் சேர்ந்த ஆற்றல் 4 மில்லிஜூல். 5,000 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள சாதாரணக் கைபேசி மின்கலத்தில் ஏறத்தாழ 19 வாட்-மணி, அதாவது 68,000 ஜூலுக்கு மேல் அடங்கும். அந்தத் துண்டுத் துணி இடைவிடாமல் வெயிலில் அசைந்துகொண்டிருந்தால் கைபேசி ஒருமுறை நிரம்ப முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

துணியைப் பெரிதாக்கலாமே என்பது நியாயமான பதில்தான். ஒரு சதுரமீட்டர் முழுவதும் அதே திறனோடு நெய்ததாகவே கொள்ளலாம். அப்போதும் கிடைப்பது 33 மில்லிவாட். கைபேசி நிரம்ப, இரவே இல்லாத 24 நாள்கள் வெயிலில் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அதிலும் வெயிலின் பங்கு உண்டு. அசைவின் கணக்கில் மட்டும் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

இவ்வளவு சிறிய எண்கள் எப்படிப் பெரிதாகத் தெரிகின்றன? மின்னழுத்தத்தையும் உச்சத்திறனையும் சொல்லிச் சராசரித் திறனைச் சொல்லாமல் விடுவதால். உராய்வு மின்னாக்கி நூற்றுக்கணக்கான வோல்ட் தரும். மின்னோட்டமோ மைக்ரோ ஆம்பியர் அளவில்தான் இருக்கும். அதன் உள்மின்தடை பல மெகா ஓம்கள். கைபேசி கேட்பதோ 5 வோல்ட்டில் ஆம்பியர் கணக்கான மின்னோட்டம். இரண்டையும் பொருத்த இடையில் வரும் சுற்றுகளே கிடைத்ததில் கணிசமான பகுதியைத் தின்றுவிடுகின்றன. கை தட்டும் கணத்தில் ஒரு துடிப்பு வரும், அடுத்த தட்டல் வரை ஒன்றுமில்லை. அந்தத் துடிப்பின் உச்சியை அளந்து சதுரமீட்டருக்கு இத்தனை வாட் என்று எழுதுவது பொய் ஆகாது. ஆனால் அதைக் கொண்டு எதையும் இயக்க முடியாது. மேடையில் நூற்றுக்கணக்கான எல்.இ.டி. விளக்குகளை ஒளிரவைக்கும் செயல்விளக்கமும் இந்த வகைதான். வரிசையாக இணைத்த எல்.இ.டி.களுக்கு அதிக வோல்ட் வேண்டும், ஒரு கணம் மின்ன மிகக் குறைந்த மின்னோட்டம் போதும். உராய்வு மின்னாக்கியிடம் இருப்பவையும் இந்த இரண்டேதான். சாதனத்துக்கு ஏற்ற தேர்வு நடந்திருக்கிறது, அவ்வளவுதான். பார்ப்பவர் கண்ணில் வெளிச்சம் தங்கிவிடுகிறது, கணக்கு தங்குவதில்லை.

உடல் அசைவிலிருந்து வாட் கணக்கில் மின்சாரம் எடுத்த சாதனங்கள் இல்லாமல் இல்லை. 2005-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ரோம், மேலும் கீழும் அசையும் சுமையுள்ள முதுகுப்பையிலிருந்து 7.4 வாட் வரை எடுத்தார். சுமை 20 முதல் 38 கிலோ. 2008-இல் கனடாவின் மேக்ஸ் டோனலன், முழங்காலில் பூட்டும் கருவியால் இரு கால்களிலுமாக 5 வாட் எடுத்தார். ஒரு காலுக்கு 1.6 கிலோ எடை. கால் தன்னைத்தானே தடுத்து நிறுத்தும் கணத்தில் மட்டும் ஆற்றலைப் பிடிக்கும் அந்த யுக்தி பாராட்டுக்குரியது. ஆனால் இவை பற்சக்கரங்களும் மின்னாக்கியும் கொண்ட இயந்திரங்கள், துணிகள் அல்ல. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஊடக ஆய்வகத்தில் 1998-இல் காலணிக்குள் வைத்த பி.வி.டி.எஃப். தகடு தந்ததோ ஏறத்தாழ ஒரு மில்லிவாட். உடலிலேயே அதிக விசை விழும் இடம் பாதம். அங்கேயே இந்த அளவு என்றால், தோளிலும் முழங்கையிலும் தொங்கும் துணியிடம் எதை எதிர்பார்ப்பது?

இங்கேதான் அடிப்படைத் தடை இருக்கிறது. தொழில்நுட்பம் வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நம்புவோர் அதைக் கவனிப்பதில்லை. வேலை என்பது விசையும் தூரமும் பெருக்கியது. ஒரு துணி ஆற்றலைப் பெற வேண்டுமானால் அதை அசைக்க விசை கொடுத்தாக வேண்டும். நல்ல துணியின் இலக்கணமோ விசை கேட்காமல் வளைவது. முழங்கை மடங்கும்போது சட்டைக்கை 5 செ.மீ. இழுபடுகிறது, நொடிக்கு ஒருமுறை மடங்குகிறது என்று கொண்டால், அதிலிருந்து ஒரு வாட் எடுக்க ஒவ்வொரு மடக்கலிலும் 20 நியூட்டன் விசை வேண்டும். அது இரண்டு கிலோ எடையைத் தூக்கும் விசை. அதுவும் இழப்பே இல்லாத மின்னாக்கிக்கு. பாதி வீணானால் நான்கு கிலோ. எட்டு மணிநேர ஷிப்ட் முழுவதும் நொடிக்கொரு முறை நான்கு கிலோவை இழுக்கும் சட்டையை யாரும் சட்டை என்று சொல்ல மாட்டார்கள். அணிந்தவருக்கு உறுத்தாத துணி மில்லிவாட்டைத் தாண்டுவது அரிது. வாட்டைத் தொடும் துணி உடலோடு மல்லுக்கட்டும்.

சூரியத் தகடும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது என்ற ஒப்பீடு அடிக்கடி வரும். 1954-இல் பெல் ஆய்வகத்தின் சிலிக்கான் மின்கலம் 6 விழுக்காடு திறன் கொண்டிருந்தது. இன்று கூரைகளில் பொருத்தும் தகடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. எழுபது ஆண்டுகளில் மூன்று நான்கு மடங்கு முன்னேற்றம். அது போதுமானதாக இருந்ததற்குக் காரணம், நண்பகல் வெயிலில் ஒரு சதுரமீட்டரில் 1,000 வாட் ஏற்கெனவே கொட்டிக்கிடப்பதுதான். உள்ளங்கை அளவுள்ள, 10 செ.மீ. பக்கமுள்ள சூரியத் தகடு அந்த வெயிலில் 2 வாட் தரும். மில்லிவாட் துணி அதை எட்ட இரண்டாயிரம் மடங்கு வளர வேண்டும். வளர இடமில்லை என்பதை முழங்கைக் கணக்கு காட்டிவிட்டது.

செலவில்லாத ஆற்றல் என்ற சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம். தசை, உணவில் உள்ள ஆற்றலில் கால் பங்கை மட்டுமே வேலையாக மாற்றுகிறது. எட்டு மணிநேரம் ஒரு வாட் மின்சாரம் எடுக்க, பாதித் திறனுள்ள துணியாக இருந்தால், உடல் கூடுதலாக 64 வாட்-மணி செலவழிக்கும். ஏறத்தாழ 55 கிலோகலோரி, ஓர் இட்லி. கைக்கு வரும் 8 வாட்-மணி மின்சாரத்துக்குச் சுவர் முனையில் கொடுக்கும் விலை பத்துப் பைசாவைத் தாண்டாது.

இனி வள்ளூருக்கு வரலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தில் 37 லட்சத்து 28 ஆயிரம் பேர். கைக்குழந்தை முதல் படுத்த படுக்கையான முதியவர் வரை எல்லோருக்கும் ஆளுக்கொரு மின்சட்டை கொடுத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் நடப்பதாகவும், ஒவ்வொரு சட்டையும் தாராளமாக ஒரு மில்லிவாட் தருவதாகவும் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 3.73 கிலோவாட். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஓட இது சரியாகப் போதும். ஆக, மாவட்டமே மூச்சிரைக்க நடந்தால் பொன்னேரிப் பக்கம் ஒரு விவசாயி தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சலாம். வள்ளூர் மின்நிலையத்தின் திறன் அதைப்போல் நான்கு லட்சம் மடங்கு. தனி ஆளின் கணக்கும் வேறு மாதிரி இல்லை. ஒரு மில்லிவாட் சீருடையை நாளுக்கு எட்டு மணிநேரம், ஆண்டுக்கு 300 நாள் அணிந்து உழைப்பவர் ஓராண்டில் சேர்ப்பது 2.4 வாட்-மணி. மின்கட்டணச் சீட்டில் வரும் ஒரு யூனிட் சேர நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இந்த எண்களைப் பார்த்த பிறகும் சிறு துளி பெருவெள்ளம் என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வள்ளூர், அத்திப்பட்டு, எண்ணூர்ப் பகுதி மக்களுக்கு நிலக்கரி மின்சாரத்தின் விலை நன்றாகத் தெரியும். கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்த சாம்பல் அவர்கள் அன்றாடம் பார்ப்பது. அந்தச் சிக்கலுக்குப் பதிலாகச் சட்டையை நீட்டுவது சாம்பல் பேச்சிலிருந்து கவனத்தைத் திருப்பவே உதவும். நிலக்கரியைக் குறைக்கும் வழி கும்மிடிப்பூண்டி ஆலைகளின் தகரக் கூரைகளில் சூரியத் தகடாகவும், உலைகளின் வீண் வெப்பத்தைப் பிடிக்கும் கருவியாகவும் இருக்கிறது. தொழிலாளியின் அக்குளில் இல்லை.

திறன் ஒருபுறம் இருக்க, இந்த நிலப்பகுதியின் காற்றே உராய்வு மின்துணிக்கு எதிரி. தில்லியில் தை மாதக் குளிரில் கம்பளிச் சட்டையைக் கழற்றினால் படபடவென்று பொறி பறக்கும். எண்ணூர்க் கடற்கரையில் அது நடப்பதில்லை. கடற்காற்றின் ஈரம் இழைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படிந்து, சேர்ந்த மின்னேற்றத்தைக் கசியவிட்டுவிடுகிறது. உப்பு கலந்த வியர்வை அந்தக் கசிவை இன்னும் விரைவாக்கும். குளிரூட்டிய, ஈரம் குறைந்த ஆய்வக அறையில் அளந்த எண், சித்திரை மாதத்தில் உலை முன் நிற்பவரின் முதுகில் செல்லாது. ஈரம் புகாத உறைக்குள் மூடினால் மின்னேற்றம் தங்கும். காற்றும் உள்ளே வராது. அதை அணிந்து வேலை செய்யச் சொல்வது கொடுமை. சலவையும் உண்டு. ஆய்வகங்கள் சலவை இயந்திரத்தில் மென்மையாகச் சுழற்றிச் சோதிக்கின்றன. இங்கே சீருடை சோப்புக்கட்டி தேய்க்கப்பட்டு, கல்லில் அடிக்கப்பட்டு, வெயிலில் காய்கிறது. வெள்ளி பூசிய நூல் அதற்கு எத்தனை மாதம் தாங்கும்?

பாதுகாப்புக் கேள்வி இதைவிடக் கனமானது. உராய்வு மின்துணிக்கு வேண்டியவை பாலியெஸ்டர், நைலான், டெஃப்லான், சிலிக்கோன் போன்ற செயற்கைப் பொருள்கள். உருக்கு உலையின் அருகில் நிற்பவர் பருத்தி அணிவதற்குக் காரணம் உண்டு. தீப்பொறி பட்டால் பருத்தி கருகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகித் தோலோடு ஒட்டும். தூண்டல் உலைகளும் உருட்டாலைகளும் நிறைந்த சிப்காட்டில் செயற்கை இழைச் சீருடையை மின்சாரத்தின் பெயரால் கொண்டுவருவது பின்னோக்கிய பயணம்.

எரிவாயு இருக்கும் இடத்தில் ஆபத்து வேறு வகையில் வரும். எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுள்ள திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019 முதல் இயங்குகிறது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. இத்தகைய இடங்களில் உடலில் மின்னேற்றம் சேராதபடி கரி இழை கலந்த சீருடையும் மின்கடத்தும் காலணியும் அணிவதும், நுழையுமுன் தரையிணைப்புத் தகட்டைத் தொடுவதும் பாதுகாப்பு நடைமுறைகள். மனித உடல் ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்கி. 5,000 வோல்ட் ஏறினால் அதில் 1.25 மில்லிஜூல் சேரும். சமையல் எரிவாயுவின் கூறான புரோப்பேன் காற்றோடு கலந்து தீப்பற்றக் கால் மில்லிஜூல் போதும். மின்னேற்றத்தை வளர்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஆடையை இங்கே அனுமதிக்க எந்தப் பாதுகாப்பு அலுவலரும் கையெழுத்திட மாட்டார். நன்றாக உறையிட்ட துணியில் மின்னேற்றம் வெளியே வராது என்பது சரிதான், உறை கிழியும் வரை. நகைமுரண் என்னவென்றால், அந்த 1.25 மில்லிஜூல் ஒரு வாயுக் கலவையைப் பற்றவைக்க ஐந்து மடங்கு அதிகம். அதே அளவில் ஒரு கைபேசியை நிரப்ப ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பொறிகள் வேண்டும்.

நிலைமின்னேற்றம் தொல்லை தரும் என்பது நூற்பாலைகளுக்குப் புதிய செய்தி இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலைகள் காற்றில் ஈரம் ஏற்றும் கருவிகளை வைத்திருப்பதன் ஒரு காரணம், இழைகளில் நிலைமின்னேற்றம் சேர்ந்து நூல் ஒட்டுவதையும் அறுவதையும் தடுப்பது. செயற்கை இழைகளுக்கு நிலைமின் தடுப்பு எண்ணெய் பூசுவதும் அதற்காகவே. திருப்பூரின் வெட்டுத் துணிகளைப் பிரித்து மீண்டும் பஞ்சாக்கி நூற்கும் ஆலைகளுக்கு வெள்ளி, ஃபுளோரின் பிளாஸ்டிக், பருத்தி மூன்றும் பின்னிய துணி வெறும் தொல்லை. பிரிக்கவும் முடியாது, எரிக்கவும் கூடாது.

இத்தனையும் சொன்ன பிறகு இந்தத் துணிகளை ஆய்வகத்தோடு நிறுத்திவிட வேண்டுமா என்றால், வேண்டாம். மின்சாரம் தரும் துணி என்ற பெயரை எடுத்துவிட்டால் அதன் உண்மையான பயன் தெரியும். ஒவ்வொரு அசைவுக்கும் தானே ஒரு மின்துடிப்பு தருவதால், அது அருமையான உணரி. மூச்சு ஏறி இறங்குவதையும் நடை தள்ளாடுவதையும் படுக்கையில் ஒரே பக்கம் அழுந்திக் கிடப்பதையும் மின்கலம் இல்லாமலே சொல்லும். அதற்கு மைக்ரோவாட் போதும், அதுதான் இந்தத் துணியிடம் இருக்கிறது. நெடுநாள் படுக்கையில் இருப்பவருக்குப் படுக்கைப்புண் வராமல் காக்கும் விரிப்பு, முதியவர் விழுந்ததை அறிவிக்கும் காலுறை போன்றவை எட்டிப்பிடிக்கக்கூடியவை. ஒன்றிய அரசு 2020-இல் 1,480 கோடி ரூபாயில் தொடங்கிய தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்திலும், மருத்துவ ஜவுளிக்கென மையம் நடத்தும் கோவையின் சிட்ரா ஜவுளி ஆய்வு நிறுவனத்திலும் இத்தகைய ஆய்வுக்கு இடம் உண்டு. ஆய்வுப் பணத்தைக் கைபேசி சார்ஜ் என்ற கனவில் கரைப்பது அந்த இடத்தைக் குறைக்கிறது.

உணரி என்று ஒப்புக்கொண்டதும் கும்மிடிப்பூண்டியில் இன்னொரு கேள்வி எழும். சீருடை தொழிலாளியின் அசைவைப் பதிவு செய்யுமானால் அந்தப் பதிவு யாருடையது? எத்தனை முறை குனிந்தார், எத்தனை நிமிடம் சும்மா நின்றார் என்பதெல்லாம் மேற்பார்வையாளரின் திரைக்குப் போனால், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒப்பந்தக்காரர் வழியாக வேலை செய்பவருக்கு அதை மறுக்கும் வலு இல்லை. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காக்கவும் ஒருவரின் தரவை அவரது ஒப்புதல் கேளாமலே கையாள இடம் தருகிறது. பசுமை மின்சாரம் என்ற பெயரில் வரும் சீருடை அந்தப் பிரிவின் கீழ் கண்காணிப்புக் கருவியாகவே வேலை செய்யும். அதற்கு வேண்டிய மின்சாரம் மட்டும் அதனிடம் போதுமான அளவு இருக்கிறது.